முகம் காட்டினால் போதுமாம்

அன்புள்ள பாபு,

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் தனியாக அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பாதி படித்துவிட்டு, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற அந்தப் படத்தைப் போட்டுவிட்டு, ‘அப்பால பேசறேன்மா’ என்று போய்விடுவாய். அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். யாராவது ஒருத்தர் உன்னைப் பிடித்து, “உங்கம்மா இன்னாவோ எழுதிகிறாங்களேப்பா, பாத்தியா?” என்று கேட்கட்டும். மானம் போகிறதே என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். அந்தக் கோபத்தைச் சொல்வதற்காவது எனக்கு ஒரு போன் பண்ணு.

முதலில் வீட்டுச் செய்தி. உடம்பு நன்றாக இருக்கிறது. முழங்கால் மட்டும் படி ஏறும்போது முரண்டு பிடிக்கிறது. பட்டாபிராம் அப்படியேதான் இருக்கிறது, அதாவது தினமும் எங்காவது ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டே இருக்கிறது. மாடியில் குடியிருக்கிற பிள்ளைகள் இரண்டு பேரும் விடிந்ததும் விடியாததுமாக ஸ்டேஷனுக்கு ஓடுகிறார்கள். திரும்பி வரும்போது காதில் எதையோ செருகிக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு ஏறிப்போகிறார்கள். உங்கப்பா இருந்தவரை அண்ணனூர் ரயில் ஷெட்டிலிருந்து வந்ததும் வராததுமாக, எந்த வண்டி எங்கே மக்கர் பண்ணியது, யார் யாரிடம் திட்டு வாங்கினார் என்று சொல்லி முடிக்கவே சோறு ஆறிப்போகும். நானும் ஃபேக்டரியில் அத்தனை பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து ராணுவத்துக்கு உடுப்பு தைத்தவள். மிஷின் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசியே என் தொண்டை ஒலிபெருக்கி ஆகிவிட்டது என்று நீயே கிண்டல் பண்ணுவாய். இப்போது அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சாயங்காலம் பால்காரர் வந்து கூப்பிடும்போது பதில் சொல்லக் குரல் வராமல் கரகரக்கிறது. அப்போதுதான், அட, காலையிலிருந்து வாயையே திறக்கவில்லையே என்று தெரிகிறது. நான் தனியாக இருக்கிறேன் பாபு. இதை உன்னிடம் சொன்னதே இல்லை. கேட்கும்போதெல்லாம் “சோக்கா கீறேன் நைனா” என்றுதான் சொல்லிவந்தேன்.

நீயும் திவ்யாவும் ஜெர்மனிக்குக் கிளம்பும் முன், என் போனில் பணம் கட்டுகிற ஆப்பைப் போட்டுக் கொடுத்தாய். கடையில் ஒட்டியிருக்கிற கட்டத்தைப் படம் பிடிக்க வேண்டும், தொகையைப் போட வேண்டும், கடைசியில் ரகசிய எண்ணை அழுத்த வேண்டும். எண்ணை எங்கேயும் எழுதி வைக்காதே, யாரிடமும் சொல்லாதே என்று தலையில் அடித்துச் சொன்னாய். நீ போன முதல் வாரமே நான் அந்த எண்ணை மறந்துவிட்டேன். செல்வம் மளிகைக் கடையில் நின்றுகொண்டு உனக்குப் போன் போட்டேன். நீ பதறிப்போய் எடுத்தாய். “இன்னாம்மா, இன்னா ஆச்சு?” என்றாய். “நம்பர் மறந்துபோச்சுடா” என்றேன். சிரித்துவிட்டுச் சொன்னாய். அப்புறம், “சாப்பிட்டியா?” என்று கேட்டாய். எந்த ஊருக்குப் போனாலும் இவனுக்கு ‘இன்னாம்மா’ போகவில்லை என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதற்குப் பிறகு தினமும் மறந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதல் நாள்கூட நான் மறக்கவில்லை. காலர் இவ்வளவு, கைமடிப்பு இவ்வளவு என்று ஒரு தாளைப் பார்க்காமல் அத்தனை சைஸையும் மனசில் வைத்துக்கொண்டு தைத்தவளுக்கு நாலு எண் மறக்குமா? நீயும் அதை யோசித்துப் பார்க்கவில்லை. காலையில் வெங்காயத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டேன். சாயங்காலம் கறிவேப்பிலைக்கு இன்னொரு தரம். ஒரே தடவையில் வாங்கக்கூடிய சாமானை மூன்று நடையாகப் பிரித்தேன். உனக்கு எப்போது இடைவேளை, எப்போது ரயிலில் இருப்பாய் என்று கணக்குப் பண்ணிக் கடைக்குக் கிளம்ப ஆரம்பித்தேன். செல்வத்துக்கு வாய் சும்மா இருக்காது. “இன்னா யம்மா, கொத்தமல்லிக்குக்கூடவா ஜெர்மனியக் கேக்கற?” என்பான். “உனக்கு இன்னாடா, உன் துட்டா போவுது? கம்முனு கெட” என்பேன். சில சமயம் நீ மீட்டிங்கில் இருந்து கிசுகிசுப்பாய் எண்ணைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதுவும் எனக்குப் போதுமாகத்தான் இருந்தது.

சிரிக்காதே. இந்த வித்தையை எனக்குக் கற்றுக் கொடுத்தவனே நீதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், தெருமுனைக் கடையின் ஒரு ரூபாய் போனிலிருந்து ஃபேக்டரி கேட்டுக்குக் கூப்பிடுவாயே, ஞாபகம் இருக்கிறதா? கேட்டில் இருப்பவர் ஆள் அனுப்புவார். நான் மிஷினை நிறுத்திவிட்டு, சூப்பர்வைசர் முறைப்பதைப் பார்க்காத மாதிரி ஓடிவருவேன். எடுத்தால், “அம்மா, சாவி எங்கே?” என்பாய். சாவி உன் கழுத்தில்தான் கயிற்றில் தொங்கும். காலையில் நானே மாட்டிவிட்டதுதான். “கழுத்துல பாரு நைனா” என்பேன். “ஆமாம்மா, இங்கதான் கீது” என்று வைத்துவிடுவாய். மறுநாள் மறுபடியும் சாவி தொலைந்துபோகும். ஒரு நாள்கூட நான் உன்னைத் திட்டவில்லை. சூப்பர்வைசர் என்னைத் திட்டினார், வாங்கிக்கொண்டேன். பூட்டிய வீட்டுக்கு முன்னால் நிற்கிற பிள்ளைக்கு அம்மா குரல் வேண்டியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்குப் படிப்பு தேவைப்படவில்லை.

போன தடவை சிநேகிதன் கல்யாணத்துக்கென்று நீ மட்டும் தனியாக வந்தாய். என்னோடு கடைக்கு வந்தாய். அங்கேதான் வந்தது வினை. செல்வம் உன்னைப் பார்த்த குஷியில், “தம்பி, உங்கம்மா நம்பரு இந்தத் தெருவுக்கே மனப்பாடம்பா. நீ போன்ல சொல்லுவ, அவங்க அத்த திருப்பி சத்தமா சொல்லிகினே அமுக்குவாங்க. எதிர்ல டீக்கடை வரைக்கும் கேக்கும்” என்று போட்டு உடைத்துவிட்டான். உன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! எனக்கு முன்னால் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாய். வந்ததும் ஆரம்பித்தாய். “இன்னாம்மா நீ? எவனாச்சும் போனத் தூக்கினு போனான்னா மொத்தமும் காலி. இனிமே நம்பரே வேணாம். மூஞ்சக் காட்டு, போதும். அதுவே துட்டு கட்டிடும்.” நீ சொன்னது நியாயம்தான். பேப்பரில் தினமும் எத்தனை ஏமாற்று வேலை வருகிறது!

வாசல் பக்கம் வெளிச்சத்தில் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தாய். மூக்குத்தியைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டேன். “வேணாம்மா, நேராப் பாரு” என்றாய். கண்ணைச் சிமிட்டச் சொன்னாய், லேசாகத் திரும்பச் சொன்னாய். நான் சரியாகத் திரும்பாதபோது என் மோவாயைப் பிடித்து நீயே திருப்பினாய். என்னை யாராவது தொட்டு எத்தனை காலம் ஆகியிருந்தது தெரியுமா? அந்த வேலை சீக்கிரம் முடியக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். நீ என் முகத்துக்கு அவ்வளவு கிட்டத்தில் இருந்தாய், ஆனால் உன் கண் போனில்தான் இருந்தது. “இதுக்கு எப்படிடா என்னத் தெரியும்?” என்று கேட்டேன். “கண்ணுக்கும் மூக்குக்கும் எவ்ளோ தூரம், தாவாக்கட்டை எப்படி கீதுன்னு அளந்து வெச்சிக்கும்மா” என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை சிப்பாய்களுக்கு அளவு பார்த்துத் தைத்திருக்கிறேன், அதில் ஒருத்தர் முகமாவது எனக்குத் தெரியுமா? அளவு தெரிந்தால் ஆளைத் தெரிந்துவிடுமாம். முடிந்ததும், “இனிமே நிம்மதிம்மா, என்ன கூப்டவே வேணாம்” என்றாய். நல்ல மனசோடுதான் சொன்னாய். நான் நாற்காலியைத் தூக்கி உள்ளே போட்டேன்.

நீ திரும்பிப் போனாய். அந்த ஆப் ஒரு நாளும் என்னைக் கைவிடவில்லை, பாவி! போனைத் தூக்கினால் போதும், காசு போய்விடுகிறது. கடையில் கன்னத்தை உப்பிக்கொண்டு பார்த்தேன். கண்ணாடியை மாட்டினேன், கழற்றினேன், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டேன். “இன்னா யம்மா, போனாண்ட வம்பு இழுத்துகினு கீற?” என்று செல்வம் சிரித்தான். ஒரு நாள் பொய்யாகவே உன்னைக் கூப்பிட்டு, மூஞ்சியைக் காட்டினால் எடுக்கவில்லை என்றேன். “வெளிச்சத்துல நில்லும்மா” என்று சொல்லி வைத்துவிட்டாய். இன்னொரு நாள், “ஏன்டா போனே பண்றதில்ல?” என்று கேட்டதற்கு நீ சொன்ன பதில் என் மனசை விட்டுப் போகவில்லை. “நீ கடையில துட்டு கட்டினா பேங்க்லேர்ந்து எனக்கும் மெசேஜ் வந்துடுதும்மா. அத்தப் பாத்தே நீ நல்லா கீறன்னு தெரிஞ்சிக்கறேன்” என்றாய். அக்கறையாகத்தான் சொன்னாய் என்று தெரியும். ஆனாலும் பாபு, அன்றைக்கு வாங்கிவந்த கீரையை ஆயவே மனசு வரவில்லை, அப்படியே வைத்துவிட்டேன். அந்த ஆத்திரத்தில் கொஞ்ச நாள் கையில் காசு கொடுத்தே சாமான் வாங்கினேன். மெசேஜ் வராவிட்டால் என்ன செய்கிறாய் என்று பார்க்க ஆசை. நீ கேட்டாய், இல்லை என்று சொல்ல மாட்டேன். ‘ஆப்ல ஏதாவது ப்ராப்ளமா?’ என்று எழுதிக் கேட்டாய்.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு என்னைக் கிறுக்கச்சி என்று நினைத்துக்கொள், பரவாயில்லை. எதிர்வீட்டு ராணி திருத்தணிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள். வந்து ஒரே புலம்பல். “மொட்ட போட்டதுலேர்ந்து போனு என்ன யாருன்னே கேக்குதுமே! கத்தரிக்கா வாங்கக்கூட முடியல, ஒரே பேஜார்” என்றாள். அடுத்த நாள் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிற அவள் பிள்ளை லீவு போட்டுவிட்டு வந்தான். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அம்மாவும் பிள்ளையும் வாசலில் உட்கார்ந்து போனை வைத்துக்கொண்டு தலையோடு தலை முட்டிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் மீன் குழம்பு வாசனை வந்தது. அவன் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, பொழுது சாயத்தான் கிளம்பினான். எனக்கு அன்றைக்கு வந்தது பொறாமைதான், வேறு பெயர் வைக்க மாட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை நான் திருத்தணி வண்டியில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் எல்லோரிடமும் வேண்டுதல் என்று சொன்னேன். ஜெர்மனியில் இருக்கிற மருமகளுக்கு ஒரு குழந்தை உண்டாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள் போல என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். திவ்யா என்னை மன்னிக்கட்டும், நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வண்டியில் போகும்போதே உன்னிடம் என்ன பேசுவது என்று தயார் பண்ணினேன். ‘நைனா, போனு என்னத் தெரியலங்குதுடா’ என்று ஆரம்பிக்க வேண்டும். நீ என்ன என்ன கேட்பாய், சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும், நடுவில் திவ்யாவிடம் பேசலாமா என்றெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். திருவள்ளூர் தாண்டியதே தெரியவில்லை.

மலைமேல் முடி எடுக்கிற இடத்தில் உட்கார்ந்ததும் அந்த ஆள் தலையில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே, “இன்னா வேண்டுதல் யம்மா?” என்றார். “புள்ளைக்கு” என்றேன். “புள்ளைக்கு இன்னா, வேலையா, கல்யாணமா?” “எல்லாம் ஆயிடுச்சுப்பா.” “அப்பால இன்னா?” என்று கேட்டார். நான் முந்தானையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறெதுவும் கேட்காமல், “தலையக் குனிம்மா” என்றார். கத்தி ஓடுகிறது, முடி மடியில் விழுகிறது. பாதிக்குமேல் நரைத்ததுதான், ஆனாலும் அடர்த்தி. கைக்குழந்தையாக இருந்தபோது நீ இந்த முடியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாய், பிடியை விடுவிக்க முடியாமல் நான் அப்படியே சாய்ந்து கிடப்பேன். மடியில் கிடந்த முடியைப் பார்த்ததும் அது நினைவுக்கு வந்தது. பொய் வேண்டுதலுக்கு மொட்டை போடுகிறேனே என்று முருகனிடம் ஒரு பயமும் இருந்தது. அப்புறம், நீயும் அம்மாவிடம் கோபித்துக்கொண்டு மலையேறினவன்தானே, அம்மாக்காரி படுகிற பாடு உனக்குத் தெரியாதா என்று அவனையே கேட்டுவிட்டேன்.

குளித்து, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, சாமி பார்த்துவிட்டுக் கீழே இறங்கினேன். வெயிலுக்குத் தலையில் போட்டுக்கொள்ள ஒரு துண்டு வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். கண்ணாடியில் என்னைப் பார்த்து நானே பயந்துவிட்டேன். காது ரெண்டும் விடைத்துக்கொண்டு, மஞ்சள் மண்டையோடு, யாரோ ஒரு கிழவி. பரம திருப்தி! இந்தக் கோலத்தில் என்னைப் பெற்றவளுக்கே என்னை அடையாளம் தெரியாது, இது எந்த மூலைக்கு என்று போனைத் தூக்கினேன். வாய்க்குள் ‘நைனா, போனு என்னத் தெரியலங்குதுடா’ தயாராக இருந்தது. டக்கென்று பச்சையாக ஒரு டிக் வந்துவிட்டது. “துட்டு வந்துட்ச்சு யம்மா” என்றாள் கடைக்காரப் பெண். “இல்லம்மா, இன்னொரு தபா நல்லாப் பாரு” என்றேன். அவள் தன் போனைத் திருப்பிக் காட்டினாள். வந்துவிட்டது. ராணிக்கு மட்டும் ஏன் எடுக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. தலைச் சந்தனம் கையில் ஒட்டி, கையிலிருந்து அவள் போனின் கேமராவில் அப்பிக்கொண்டிருந்ததாம். அவள் பிள்ளை வந்ததுமே துணியால் துடைத்துவிட்டானாம். மற்ற நேரமெல்லாம் அவன் அம்மாவோடு சும்மாதான் இருந்திருக்கிறான்.

நான் அந்தக் கடை ஓரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை, என் ஃபேக்டரித் தொண்டையோடு நன்றாகவே அழுதேன். போகிற வருகிறவர்கள் பக்திப் பரவசம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு அம்மாள் என் கையில் கொஞ்சம் பொங்கலை வைத்து, “முருகன் உன்னக் கைவிட மாட்டாருமே” என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்போது போனில் ஒரு சத்தம். நீதான். துண்டுக்குக் காசு கொடுத்த மெசேஜ், திருத்தணிக் கடையின் பேரோடு உனக்கு வந்திருக்கிறது. ‘திருத்தணி போனியாம்மா? சூப்பர்’ என்று எழுதி, கும்பிடுகிற கையைப் போட்டிருந்தாய். நான் எங்கே இருக்கிறேன் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. பதிலுக்கு நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

உன்மேல் குற்றம் சொல்லவில்லை பாபு. நீ செய்து கொடுத்தது நல்ல ஏற்பாடு, அதை மாற்ற வேண்டாம். தெருவுக்கே கேட்கிற மாதிரி எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தது என் தப்பு. பெற்றவள் என்ற முறையில் ஒரு புத்திமதி மட்டும் சொல்கிறேன், கேட்டுக்கொள். திவ்யா உன்னிடம் தனக்கே தெரிந்த ஒன்றைக் கேட்டால், ‘உனக்குத்தான் தெரியுமே’ என்று சொல்லிவிடாதே, இன்னொரு தரம் சொல்லு. உனக்கு எதையும் சட்டென்று சரி பண்ணிவிட வேண்டும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். மனுஷர்களிடம் அவ்வளவு அவசரம் வேண்டாம். என்னிடம் என்ன பேசுவது என்று தெரியாமல்தான் நீ கூப்பிடாமல் இருக்கிறாயோ என்றும் சில நாள் நினைக்கிறேன். பேச ஒன்றும் வேண்டாமடா. போனை எதிரில் நிற்கவைத்துவிட்டு நீ பாட்டுக்குச் சாப்பிடு. நான் பாட்டுக்கு இங்கே கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறேன்.

நான் மொட்டையடித்துக்கொண்டது இந்தத் தெருவுக்குத் தெரியும், செல்வத்துக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும். உனக்கு மட்டும் இன்னும் தெரியாது, ஏனென்றால் நீ என்னைப் பார்க்கவில்லை. தலையைத் தடவினால் இப்போது முள் முள்ளாகக் குத்துகிறது. இன்னும் கொஞ்ச நாளில் கறுப்பும் வெள்ளையுமாக மூடிவிடும். அதற்குள் ஒரே ஒரு தரம் வீடியோவில் கூப்பிடு. இதைப் படித்ததால் உனக்கு விஷயம் தெரிந்துவிட்டது, போகட்டும். தெரியாத மாதிரியே என்னைப் பார்த்து, “ஐயோ, இன்னாம்மா இது!” என்று கத்து. நானும் ஒன்றும் நடக்காத மாதிரி, “இன்னாடா?” என்று கேட்கிறேன்.

உன் அம்மா